செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறீர்களா? ஈ, கொசு, கரப்பானுக்கு முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் பழைய வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் இப்போது பல தரப்பட்டவர்கள். வேலை மாற்றலில் வந்து வீட்டின் ஒரு கட்டு, அதாவது ஒரு பகுதி, மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. ஓய்வுபெற்றுப் பூர்வீக வீட்டுக்கே திரும்புபவர்கள், பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு வந்து தங்குபவர்கள், விடுதியாக மாறிய வீடுகளில் வேலைக்குச் சேர்பவர்கள் என்று இன்னும் பலர். வந்த வாரமே பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய்க் கொசுவர்த்தி, கரப்பான் மருந்து, ஈ ஒட்டும் தாள் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்தும் பூச்சி குறைவதில்லை. வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, பெரியவருக்குக் காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறது.

பூச்சி எங்கே பிறக்கிறது, எதன் மேல் கால் வைத்துவிட்டு உங்கள் சோற்றுக்கு வருகிறது என்ற இரண்டையும் கண்டுபிடித்தால் மருந்துச் செலவில் பெரும்பகுதி மிச்சம். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இந்த வீடுகளின் அமைப்பு வேறு என்பதால் நகரத்து அடுக்குமாடிக்குச் சொல்லும் யோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும்.

எந்தப் பூச்சி எதைச் சுமக்கிறது

ஒட்டுண்ணி நோய்கள் பூச்சி வழியாக மனிதனுக்கு வருவது இரண்டு விதமாக. ஒன்றில், ஒட்டுண்ணி பூச்சியின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து முதிர்ந்த பிறகுதான் மனிதனைத் தொற்றும். மலேரியாவும் யானைக்காலும் இப்படி. மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில். அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1877-இல், சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்திருந்தார். இரண்டாவது விதத்தில் பூச்சி வெறும் சுமைகூலி. மலத்தில் உட்கார்ந்த ஈ தன் காலிலும் குடலிலும் பேதி தரும் அமீபா, ஜியார்டியா கிருமிகளின் உறைகளையும் (உறைக்குள் ஒடுங்கிய கிருமிகளையும்) புழு முட்டைகளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. கரப்பான் இரவில் சாக்கடையிலிருந்து அதையே செய்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொசு நோயைப் பரப்ப வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் ஒரு நோயாளி இருக்க வேண்டும். ஈ நோயைப் பரப்ப வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் திறந்த மலம் இருக்க வேண்டும். அதனால் கொசுவுக்கான வேலை தண்ணீரிலும் ரத்தப் பரிசோதனையிலும் இருக்கிறது, ஈக்கான வேலை கழிப்பறையிலும் குப்பையிலும் இருக்கிறது.

டெங்கு ஒட்டுண்ணி நோய் இல்லை, அது வைரஸ். ஆனாலும் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த வீடுகளில் மலிந்து கிடப்பதால் அதையும் சேர்த்தே பேசுகிறேன். வேலை ஒன்றுதான்.

முதல் நாள்: முகப்பிலிருந்து கொல்லை வரை ஒரு நடை

சாமான்களைப் பிரிப்பதற்கு முன் கையில் டார்ச், ஒரு வெள்ளை எனாமல் தட்டு, ஒரு நீளக்கைப்பிடிக் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டு எதற்கென்றால், கொசுப்புழு இருக்கிறதா என்று சந்தேகப்படும் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தால் நெளிவது பளிச்சென்று தெரியும். குவளைக்குள் குனிந்து பார்ப்பதில் தெரியாது.

முகப்பில் பார்க்க வேண்டியது அழகுக்கு வைத்த உருளி. பூ மிதக்கவிட்ட தண்ணீர் ஏழு நாள் மாறாமல் இருந்தால் ஏடிஸ் பிறந்துவிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். பழம்பொருள் கடையில் வாங்கிவந்து வாசலில் வரிசையாக வைக்கும் ஜாடி, பீங்கான், எனாமல் வாளி எல்லாம் இதே கணக்கு. வெறுமனே வைப்பதானால் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்தது வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு. நான்கு பக்கமும் சரிந்த ஓட்டிலிருந்து மழை முற்றத்தில் விழும்படி கட்டிய வீடுகள் இவை. அந்தத் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்துப் பழகிய ஊர், ஏனென்றால் இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மழைநீர் பிடிப்பது நல்ல வழக்கம், தொடருங்கள். பிடித்த பாத்திரத்தின் வாயை வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே தட்டை வைத்து மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள், தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி கொசுவுக்கு அகலமான வாசல். ஓட்டு விளிம்பில் ஓடும் தகரத் தூம்பில் வேப்பிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். கீழே நின்றால் அது கண்ணுக்கே தெரியாது.

முற்றத்தின் மூலையில் தண்ணீர் வெளியேறும் துவாரம் இருக்கும். அதன் மேல் மூடியைத் தூக்கி டார்ச் அடியுங்கள். தரைக்கு அடியிலேயே ஓடித் தெருவுக்கோ ஊருணிப் பக்கமோ போகும் சலதாரை அது. பல ஆண்டு தூர் எடுக்காத வீட்டில் அதற்குள் கறுப்பாக வண்டல் தேங்கி, மேலே ஒரு சாண் கெட்ட தண்ணீர் நிற்கும். அதைக் கரண்டியால் மொண்டு தட்டில் ஊற்றினால், தலைகீழாகத் தொங்கி நெளியும் புழுக்கள் தெரியும். அது கியூலெக்ஸ் என்ற கொசு வகை. இரவில் காதுக்குள் பாடுவதும், யானைக்கால் புழுவைச் சுமக்கத் தகுதி படைத்ததும் அதுதான். கொசுவர்த்தியை நீங்கள் இரண்டாங்கட்டில் ஏற்றிவைக்க, அது வளவின் தரைக்கு அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது. சலதாரையைத் தூர் எடுத்துத் தண்ணீர் ஓடும்படி செய்வது முதல் மாதத்தின் முதல் செலவாக இருக்கட்டும். துவாரத்துக்குப் பித்தளையிலோ எஃகிலோ நெருக்கமான சல்லடை போடுங்கள். அதோடு கரப்பான் வருகையும் பாதி குறையும்.

அடுப்படிக்கு வந்தால் ஒரு பழைய பழக்கம் கண்ணில் படும். பலகார அலமாரிக்கு எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு, எறும்புக்கு அது அருமையான அகழி. ஆனால் யாரும் அந்தத் தண்ணீரைப் போன தீபாவளிக்குப் பிறகு மாற்றியிருக்க மாட்டார்கள். ஏடிஸ் விரும்பி முட்டையிடும் இடம் இருட்டான மூலையில் இருக்கும் இப்படிப்பட்ட சின்னக் கிண்ணம்தான். அதில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்துவிடுங்கள், அல்லது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றுங்கள். எறும்பும் ஏறாது, கொசுவும் வராது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கீழே ஒரு தட்டில் தண்ணீர் சேரும், அதையும் வாரம் ஒருமுறை கொட்டுங்கள்.

கொல்லையில் வெளியே தள்ளிய ஆட்டுக்கல், உரல், உடைந்த சிமெண்டுத் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை. ஆட்டுக்கல்லின் குழியில் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும், கல்லைப் புரட்டவும் ஆள் வேண்டும். குழியை மணலால் நிரப்பிவிடுவதே சுலபம்.

கிணறும் மேல்தொட்டியும்

கிணற்றைப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. வெயில் ஏறிய பிறகு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப்போய் வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் திருப்புங்கள். டார்ச்சைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் மேல் சுவரோரமாகப் பாருங்கள், கொசுப்புழு நடுவில் இருப்பது குறைவு. உங்கள் நிழல் விழுந்தவுடன் புழுக்கள் கீழே முங்கிவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், மூச்சு வாங்க மேலே வரும். வாளியை ஓரமாகச் சாய்த்து மெதுவாக இறக்கி மொண்டு, தட்டில் ஊற்றுங்கள்.

புழு தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் அனாபிலிஸ், அதாவது மலேரியாக் கொசுவின் இனம். சாய்ந்து தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸோ ஏடிஸோ. அனாபிலிஸில் ஸ்டீபென்சி என்ற வகை கிணற்றிலும் மூடாத மேல்தொட்டியிலும் சுத்தமான தண்ணீரில் வளரும். செட்டிநாட்டில் மலேரியா இப்போது பெரிதாக இல்லை என்றாலும், கிழக்கே இராமேசுவரம் தீவில் அது நெடுங்காலம் தொல்லை கொடுத்த நோய். கொசு இங்கேயும் இருப்பதால், ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்து இறங்கினால் பரவ இடமுண்டு.

புழங்கும் கிணற்றில் தண்ணீர் அடிக்கடி இறைபடுவதால் தொல்லை குறைவு. புழங்காத கிணறுதான் ஆபத்து. இரும்புச் சட்டத்தில் கொசுவலைத் துணி அடித்து வாயை மூடுங்கள். மூட முடியாதென்றால் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கம்பூசியாவைக் கிணற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருணியிலோ கண்மாயிலோ விட்டால் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

மேல்தொட்டி மூடி பொருந்தியிருக்க வேண்டும். வழிந்தோடும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டியிருக்க வேண்டும். தொட்டியையும் அண்டாவையும் காலி செய்யும்போது உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை நிற்கும்.

எல்லாவற்றுக்கும் கிழமை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்துவிட்டால் மறக்காது. ஏழு நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கு கொசுவின் வளர்ச்சிக்குச் சரியாக முந்திக்கொள்ளும்.

கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றட்டுமா என்று கேட்பார். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று பலர் கதவையே திறப்பதில்லை. அவர் ஊற்றும் அளவு குடிநீருக்கென்று அனுமதிக்கப்பட்ட அளவு. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், அவர் கண்முன்னே தொட்டியைக் காலி செய்து தேய்த்துவிடுங்கள். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து வரும் அவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். ஊரில் எந்தத் தெருவில் காய்ச்சல் இருக்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். புகை மருந்து அடித்துவிட்டுப் போனால் தீர்ந்தது என்று மட்டும் நம்பாதீர்கள். அது அப்போது பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது.

கழிப்பறை, செப்டிக் டேங்க்

எனக்கு ஒரே ஒரு யோசனை சொல்ல மட்டும் இடம் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன்: செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் உச்சியில் கொசுவலைத் துணி கட்டுங்கள். பத்து நிமிட வேலை, செலவு அநேகமாக ஒன்றுமில்லை. மூடாத அந்த ஒரு குழாய் வழியாக அந்தி சாயும் நேரத்தில் கியூலெக்ஸ் கொசுக்கள் கூட்டமாக வெளியேறுவதை நின்று பார்த்தால் அன்றைக்கே கட்டிவிடுவீர்கள். பிளாஸ்டிக்கால் இறுக்கி அடைத்துவிடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். நைலான் வலை ஓராண்டில் வெயிலில் இற்றுப்போகும், மழைக்கு முன் புரட்டாசியில் பார்த்து மாற்றுங்கள். டேங்கின் மேல்பலகைகளுக்கு நடுவில் விரிசல் இருந்தால் சிமெண்டால் பூசுங்கள்.

யானைக்கால் நோய் செட்டிநாட்டைவிடக் கும்பகோணம் பக்கம் பேர்போனது. ஒரே கடியில் வந்துவிடும் நோய் இல்லை, பல மாதம் பல கடி பட்டால்தான் புழு உடம்பில் நிலைகொள்ளும். அதற்குப் பிறகும் கால் வீங்கப் பல ஆண்டு ஆகலாம். அந்த நோய் மலிந்த பகுதியில் முன்பு வாழ்ந்துவிட்டு வந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சுகாதார நிலையத்தில் சொல்லி இரவு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்தப் புழுவின் குட்டிகள் ரத்தத்தில் மேலே வருவது இரவு பத்து மணிக்குப் பிறகு. பகலில் எடுத்த ரத்தத்தில் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் வீட்டில் இருந்தால், தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் மேலும் முற்றாமல் இருக்கவும் இடையிடையே வரும் காய்ச்சல் குறையவும் இது உண்மையிலேயே உதவும். அவர்களைத் தனித்தட்டில் சாப்பிட வைக்கும் கொடுமை வேண்டாம், தொட்டால் ஒட்டும் நோய் அது இல்லை.

செப்டிக் டேங்க் நிரம்பி லாரியைக் கூப்பிடும்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கண்மாய்க் கரை ஓரம் என்றால் வேறு வண்டி பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் உரிமம் உள்ள வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. கண்மாயில் கொட்டியது ஈயின் காலில் திரும்பி வரும்.

ஈ: தொழுவமும் எச்சில் இலையும்

வீட்டு ஈ ஒரு ஈட்டுக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். சாணத்திலும் அழுகும் குப்பையிலும் ஒரே நாளில் பொரிந்து, சூடான காலத்தில் பத்து நாளுக்குள் பறந்துவிடும். ஈரமான குவியலுக்குள் வளரும் புழு, கூடு கட்ட ஓரத்துக் காய்ந்த மண்ணுக்கு நகர்ந்து வரும். அதனால் உங்கள் எருக்குழியைச் சோதிக்க நடுவில் கிளற வேண்டாம். ஓரத்து மண்ணைக் குச்சியால் இரண்டு விரற்கடை தோண்டுங்கள். செம்பழுப்பு நிறத்தில் உருளையான சின்னச் சின்னக் கூடுகள் கொத்தாகக் கிடந்தால் உங்கள் வீட்டு ஈக்கள் பிறந்த இடம் அதுதான். தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

மாடு வைத்திருப்பவர் வாரம் ஒருமுறையாவது சாணத்தை எடுத்து வயலுக்கு அனுப்பலாம், அல்லது மெல்லிசாகப் பரப்பிக் காயவிடலாம். காய்ந்த சாணத்தில் புழு வளராது. இரண்டும் முடியாதென்றால் குவியல் மேல் தார்ப்பாயை ஓரம் வரை இழுத்து மண் அணைத்து மூடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு சாகும்.

சாணம் தொழுவத்தோடு போகட்டும், அதைவிட நோய்க்கு நேரடிக் காரணம் மனித மலம். குழந்தை கொல்லையில் போய்விட்டு வந்ததை அப்படியே விடுவது, பெரியவருக்கு மாற்றிய துணியை வாளியில் திறந்து வைப்பது, இந்த இரண்டும் நல்ல கழிப்பறை உள்ள வீடுகளிலும் நடக்கிறது. குழந்தையின் மலமென்றால் பாதகமில்லை என்பது தவறான எண்ணம். புழு அதிகம் இருப்பதே குழந்தைகளிடம்தான். ஒரு பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். உடனே கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுங்கள்.

கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வீட்டில் கூட்டம் சேரும் நாள்களில் எச்சில் இலைக் குழியை அன்று மாலையே மண் போட்டு மூடச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இரவுக்குள் நாய், விடிந்ததும் ஈ. மாடியில் வடகம், வத்தல் காயப்போடும்போது மேலே மெல்லிய வேட்டியையோ கொசுவலையையோ கட்டுங்கள். ஈ உட்கார்ந்து தன் வயிற்றில் இருப்பதைக் கக்கி நனைத்துத்தான் உணவை உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணெயில் பொரிக்கும் வத்தலுக்குப் பெரிய பயமில்லை. நறுக்கி வைத்த பழம், தாளித்து ஆறிய சட்னி, தட்டில் திறந்து வைத்த பணியாரம் இவற்றுக்குத்தான் மூடி வேண்டும். மாம்பழமும் பலாவும் வரும் காலத்தில் இருமடங்கு கவனம்.

குடிநீரைக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அமீபா, ஜியார்டியாக்களின் உறைகளை நம்பத்தக்க வகையில் கொல்லாது. கொதி கொல்லும்.

கரப்பான், வண்டு, மற்றவை

சாக்கடையில் வாழும் பெரிய சிவந்த கரப்பான் வேறு, அடுப்படி அலமாரி இடுக்கில் குடியிருக்கும் சின்னக் கரப்பான் வேறு. பெரியதுக்குச் சலதாரைச் சல்லடையும், குளியலறைத் துவாரத்துக்கு மூடியும் போதும். சின்னதுக்குப் பசை மருந்து அல்லது போரிக் அமிலத்தை மைதா, சர்க்கரையோடு பிசைந்த சின்ன உருண்டை. குழந்தையும் நாய்க்குட்டியும் எட்டாத இடுக்கில் வையுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். பசை மருந்து வைத்த இடத்தில் அடிமருந்து தெளிக்காதீர்கள், வாடை பிடித்துக் கரப்பான் பசையைத் தொடாமல் விலகிவிடும். இரவில் கழுவாத பாத்திரம் கிடக்காமல் இருந்தால்தான் கரப்பான் நாம் வைத்த இரையைத் தேடி வரும்.

பழைய வீடுகளில் தானியம் சேர்த்து வைக்கும் இருட்டறையில் எலிப்புழுக்கையும் மாவுவண்டும் சேர்ந்தே இருக்கும். எலியின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டையை இந்த வண்டு தின்றால் அது வண்டுக்குள் வளரும். வண்டை அறியாமல் விழுங்கும் குழந்தைக்கு அந்தப் புழு வரலாம். அரிதுதான். ஆனாலும் சத்துமாவைச் சலித்து வறுத்துக் கொடுங்கள், அரிசியை எலி கடிக்க முடியாத தகர டப்பாவில் வையுங்கள்.

நாய், பூனையின் தெள்ளுப்பூச்சி வழியாகவும் ஒரு நாடாப்புழு குழந்தைகளுக்கு வரும். மலத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டு நாய்க்கும் தெள்ளு மருந்து போடுங்கள். மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும், ஒட்டுண்ணி நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. மண்சுவர் இடுக்கில் வாழ்ந்து இரவில் முகத்தில் கடிக்கும் ஒரு பூச்சியைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. அது பரப்பும் நோயை 1909-இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தார். அது அமெரிக்கக் கண்டத்து நோய், நம் வீட்டுச் சுவர்களில் அதைத் தேட வேண்டாம்.

கொக்கிப்புழுவுக்குப் பூச்சி எதுவும் தேவையில்லை, வெறுங்காலே போதும். கொல்லைக்குப் போகும் கதவருகே ஒரு ஜோடிச் செருப்பு எப்போதும் கிடக்கட்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை கொடுக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் பெயர் பட்டியலில் இருக்காது, நீங்களே போய்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து வியர்த்து இறங்கி மறுபடி வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. முக்கியமாக ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் பக்கமிருந்து வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால், மாத்திரை வாங்கிக் கொடுத்து வேலையைத் தொடரச் சொல்லாமல், கூட்டிக்கொண்டு போங்கள். மலேரியா அந்த மாநிலங்களில் இன்னும் அதிகம், உயிருக்கு ஆபத்தும் முதலில் அவருக்குத்தான். மருத்துவரிடம் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்பதைச் சொல்லுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். காய்ச்சல் நின்றாலும் கொடுத்த மாத்திரை முழுவதையும் முடிக்க வேண்டும்.

மலத்தில் சளியும் ரத்தமும் வந்தால், அல்லது வலது விலாவுக்கு அடியில் வலியோடு காய்ச்சல் இருந்தால் அமீபாவாக இருக்கலாம். நாட்பட்டு எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கும் பேதி ஜியார்டியாவாக இருக்கலாம். மலப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். கடையில் நாமாக வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிப் போட்டு மூடிவிடக் கூடாது. குழந்தைக்கு வாய் காய்ந்து சிறுநீர் குறைந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். யோசனை கேட்க 104.

பக்கத்துப் பூட்டிய வீடு

உங்கள் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் கொசு அங்கிருந்து வரும். செட்டிநாட்டின் தனிப் பிரச்சினை இது. ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு இருக்கும், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். சலதாரைக்குச் சல்லடை போட யார் பணம் கொடுப்பது என்பதிலேயே ஆண்டு ஓடும். குற்றம் சொல்லிப் போனால் கதவு சாத்தப்படும். சாவி வைத்திருப்பவரிடம் நயமாகப் பேசுங்கள்.

"ஆச்சி, உங்க மேல்தொட்டி மூடி காத்துல பறந்து கெடக்கு. நானே ஏறி மூடிட்டு, அப்படியே கொல்லைத் தொட்டியையும் கவுத்து வச்சிட்டு வரட்டுமா? நீங்க கூட வந்து நில்லுங்க."

இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. அவரைக் கூடவே நிற்கச் சொல்வது முக்கியம், பங்காளிகள் வீட்டுக்குள் அந்நியர் தனியாகப் போனார் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது. போட்டோ எடுத்து அவர் மூலமாகவே உரிமையாளர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வலைத்துணி கட்டும் செலவு சின்னது, பெரும்பாலும் யாராவது ஒருவர் உடனே அனுப்பிவிடுவார். எதற்கும் அசையவில்லை என்றால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது

நீங்களும் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் வெளியூர் போவீர்கள். மேல்தொட்டியை வடித்துவிட்டு மூடியைக் கட்டுங்கள். அண்டா, வாளி, சொம்பு, உருளி எல்லாம் கவிழட்டும். கழிப்பறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீரிலும் கொசு வளரும், அதன் வாய் மேல் பாலித்தீன் தாளை விரித்துச் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். தரைத் துவாரங்களை மூடிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியை அணைத்துக் கதவைச் சற்றுத் திறந்து வைத்து, பின்தட்டைக் கொட்டுங்கள். அலமாரிக்கு அடியில் உள்ள எறும்புக் கிண்ணங்களில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மழை பெய்தால் மறுநாள் முற்றத்தையும் தகரத் தூம்பையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் கதவைத் திறந்துவிடவும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.